மூட்டை தூக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

பெங்களூரில் கலாசிபாளையம் லாரி ஷெட்டிலும் யஷ்வந்த்பூர் மண்டியிலும் மூட்டை இறக்கும் நம்மாட்களிடம் இடுப்பு எப்படிப் போனது என்று கேட்டால், "அன்னைக்குப் பாரம் ஜாஸ்தி" என்பார்கள். பாரம் மட்டும் காரணம் இல்லை. எனக்கு இடுப்பு பிடித்தது 50 கிலோ சிமென்ட் மூட்டையில் அல்ல, 15 கிலோ எண்ணெய் டின்னில். குடோனில் அடித்தட்டின் உள்பக்கம் இருந்ததைக் குனிந்து, கையை நீட்டி இழுத்து, அப்படியே இடுப்பைத் திருப்பினேன். அவ்வளவுதான், மூன்று வாரம் போச்சு.

அந்த ஒரு நொடியில் நான் செய்தது மூன்று தவறு. பிரிட்டனின் வேலையிடப் பாதுகாப்புத் துறை ஆண்களுக்குச் சொல்லும் கணக்கைப் பாருங்கள்: இடுப்பு உயரத்தில் உடம்போடு அணைத்துத் தூக்கினால் 25 கிலோ, கையை நீட்டினால் 15, அதையே தரையிலிருந்து கை நீட்டி எடுத்தால் வெறும் 5. அதனால் முதலில் பொருளை உங்கள் பக்கம் இழுங்கள், நெஞ்சோடு அணையுங்கள், திரும்பும்போது பாதத்தை எடுத்து வைத்துத் திரும்புங்கள். சிமென்ட் மூட்டையைத் தனியாளாகத் தரையிலிருந்து தூக்கவே வேண்டாம், இன்னொருவரைக் கூப்பிடுங்கள்.

நேரமும் முக்கியம், இதை யாரும் சொல்வதில்லை. தூங்கும்போது முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் ஜவ்வு தண்ணீரை இழுத்து உப்பிவிடுகிறது, எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிந்தால் அதன்மேல் அழுத்தம் மிக அதிகம். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்ததும் லோடு இறக்கப் போகிறவர்கள் கொஞ்ச நேரம் நடந்துவிட்டு, இலேசான பெட்டிகளில் ஆரம்பியுங்கள். சேலத்திலிருந்து ராத்திரி முழுக்க உட்கார்ந்து வந்த டிரைவரும் இறங்கிய கையோடு மூட்டையில் கை வைக்கக்கூடாது.

இடுப்பில் பெல்ட் கட்டினால் பயமில்லை என்று நம்பாதீர்கள், அது காயத்தைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்காவின் வேலையிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1994-லேயே சொல்லிவிட்டது.

சரி, பிடித்துவிட்டது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு சாயங்காலமே மறுபடி தூக்குவதும் தப்பு, வாரக்கணக்கில் படுத்தே கிடப்பதும் தப்பு. மெதுவாக நடமாடுங்கள். ஆனால் சிறுநீர் வராமல் போனாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, பாதம் தூக்க முடியாமல் தொங்கினாலோ, சுளுக்கு எடுப்பவரிடம் போகாமல் அந்த நிமிடமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அப்புறம், இஎஸ்ஐ (அரசுத் தொழிலாளர் காப்பீடு) இருப்பவர்கள் அன்றைக்கே மேஸ்திரியிடம் சொல்லி விபத்தாகப் பதிய வையுங்கள். வேலையில் பட்ட காயம் என்றால் கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். சாதாரண நோய் என்றால் 70தான், அதுவும் ஆண்டுக்கு 91 நாள் வரைக்கும். "வீட்டில் வழுக்கி விழுந்தேன்னு டாக்டர்கிட்ட சொல்லிடு" என்று முதலாளி கேட்டுக்கொண்டாலும் சொல்லாதீர்கள்.