மூன்று தேயிலை, மூன்று டம்ளர்

இன்று ஒரு தேயிலை, அடுத்த வாரம் இன்னொன்று என்று குடித்தால் வித்தியாசம் பிடிபடாது. நாக்குக்கு அவ்வளவு ஞாபகசக்தி கிடையாது. மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே நேரத்தில் சுவைக்க வேண்டும். கோயம்புத்தூரில் இருக்கும் எனக்கு இது எளிது. குன்னூர் போகிறவர்களிடம் சொல்லிவிட்டால் தேயிலை வந்துவிடும்.

தொடங்குவதற்கு நீலகிரித் தேயிலையே போதும். டீக்கடைகளில் போடும் சி.டி.சி. டஸ்ட், ஆர்தடாக்ஸ் இலைத் தேயிலை, கிரீன் டீ. மூன்றும் ஒரே செடியின் கொழுந்துதான், பக்குவம்தான் வேறு. சி.டி.சி. இயந்திரம் இலையை நசுக்கி, கிழித்து, குருணையாகச் சுருட்டிவிடும். ஆர்தடாக்ஸில் இலையை முறுக்கிப் புளிக்கவிட்டு உலர்த்துவார்கள். கிரீன் டீக்கு, பறித்த இலையைச் சீக்கிரமே சூடுகாட்டி, நிறம் மாறாமல் நிறுத்திவிடுவார்கள்.

ஸ்பூன் கணக்கு வேண்டாம். டஸ்ட் ஸ்பூனில் அடைந்து உட்காரும், இலை உப்பி நிற்கும். தராசில் 2 கிராம் நிறுத்துப் போட்டு 100 மில்லி வெந்நீர் ஊற்றித் தட்டால் மூடுங்கள். டீ டேஸ்டர்களுக்கான ஐ.எஸ்.ஓ. 3103 தரமும் இதே அளவைத்தான் சொல்கிறது. அதில் ஊறும் நேரம் 6 நிமிடம்; குறை கண்டுபிடிக்க அது சரி, குடிப்பதற்குக் கடுமை. டஸ்டுக்கு 2 நிமிடம், இலைக்கு 4 நிமிடம் விடுகிறேன், இரண்டுக்கும் தளதளவென்று கொதித்த நீர். கிரீன் டீக்கு 80 டிகிரிக்கு ஆறிய நீரில் 2 நிமிடம். பாலும் சர்க்கரையும் இப்போது வேண்டாம்.

வடிகட்டியதும் முதலில் சக்கையை முகர்ந்து பாருங்கள். ஆர்தடாக்ஸ் சக்கையை விரலால் பிரித்தால் செம்பு நிறத்தில், ஓரத்தில் ரம்பப் பல் தெரிய, இலைத் துண்டு விரியும். டஸ்டில் விரிய எதுவும் இருக்காது.

கிரீன் டீ, இலை, டஸ்ட் என்று இலேசிலிருந்து கடுமைக்குப் போங்கள். ஸ்பூனில் எடுத்துச் சத்தமாக உறிஞ்ச வேண்டும். காற்றோடு கலந்து வாயெல்லாம் தெறித்தால்தான் மணம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும். வீட்டில் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. துவர்ப்பு ஈறில் பிடிக்கிறதா, கன்னத்தின் உட்புறத்தை உலர்த்துகிறதா, விழுங்கிய பிறகும் மணம் நிற்கிறதா என்று கவனியுங்கள். நடுவில் ஒரு வாய் தண்ணீர்.

இனி டஸ்டிலும் இலையிலும் கொஞ்சம் பால் விடுங்கள். டஸ்ட் பாலுக்கு ஈடுகொடுத்து நிற்கும். இலையின் மணம் அமுங்கிவிடும். நல்ல இலைத் தேயிலையில் பால் விடுவதை என்னால் ஒப்புக்கொள்ளவே முடியாது.

பால் விடாத மிச்சத்தைக் கொட்டாதீர்கள். நல்ல சாரமுள்ள தேநீர் ஆறும்போது கலங்கும். காஃபீனும் சாயப் பொருள்களும் சேர்வதால் வருவது அது. டேஸ்டர்களுக்கு அது நல்ல அடையாளம். சூடுபடுத்தினால் தெளிந்துவிடும்.

இன்னொரு நாள் ஒரே இலையைச் சிறுவாணித் தண்ணீரிலும் போர் தண்ணீரிலும் போட்டுப் பாருங்கள். உப்புத் தண்ணீரில் நிறம் மங்கி, மேலே மெல்லிய ஏடு படியும். தேயிலையைக் குறை சொல்வதற்கு முன் தண்ணீரைச் சந்தேகப்பட வேண்டும்.

அடுத்து டார்ஜிலிங்கின் வசந்தகாலக் கொழுந்து, அஸ்ஸாம், நுவரெலியா என்று போகலாம். 50 கிராமுக்கு மேல் வாங்க வேண்டாம். தேயிலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். மூடி இறுகிய டப்பாவில், பெருங்காயத்துக்கு எட்டாத அலமாரியில் வையுங்கள்.