பள்ளி வலையமைப்பில் ஆக்சஸ் பாயின்ட்டுகளின் ஐபி முகவரி மோதலைக் கண்டறிந்து சரிசெய்தல்

ஒரே வலையமைப்பில் இரண்டு கருவிகள் ஒரே ஐபி முகவரியை (வலையமைப்பில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண்ணை) பயன்படுத்தத் தொடங்கினால் அதை முகவரி மோதல் என்கிறோம். பள்ளிகளில் இது பெரும்பாலும் "வைஃபை சிக்னல் முழுதாக இருக்கிறது, ஆனால் நெட் விட்டு விட்டு வருகிறது" என்ற புகாராகவே வந்து சேரும். உடனே ஆக்சஸ் பாயின்ட்டை (வைஃபை சிக்னலைப் பரப்பும் கருவியை) அணைத்துப் போடுவதும் முகவரியை மாற்றிப் பார்ப்பதும் வழக்கமாகிவிட்டன. எந்தக் கருவி எந்தக் கருவியோடு மோதுகிறது என்று தெரிந்துகொள்ளாமல் முகவரியை மாற்றினால், சிக்கல் வேறோர் அறைக்கு இடம்பெயருமே தவிரத் தீராது.

ஆக்சஸ் பாயின்ட்டுக்கென ஓர் ஐபி முகவரி இருப்பது அதன் அமைப்புப் பக்கத்தைத் திறக்கவும், அதை மையக் கட்டுப்பாட்டு மென்பொருளோடு இணைக்கவும்தான். மாணவர்களின் தரவை அது பாலம்போலக் கடத்தி விடுகிறது. அதற்கு அந்த முகவரி தேவைப்படுவதில்லை. ஆகவே இரண்டு ஆக்சஸ் பாயின்ட்டுகள் தமக்குள் மோதிக்கொண்டாலும், அல்லது ஒன்று அலுவலகப் பிரின்டரோடு மோதினாலும், வகுப்பறைகளில் இணையம் பெரும்பாலும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். கட்டுப்பாட்டு மென்பொருளில் அந்த ஆக்சஸ் பாயின்ட் வந்து வந்து மறையும். அதன் முகவரியைத் தட்டினால் சில வேளைகளில் பிரின்டரின் பக்கம் திறக்கும். ஆனால், ஆக்சஸ் பாயின்ட் கேட்வேயின் (பள்ளியை இணையத்தோடு இணைக்கும் ரவுட்டரின்) முகவரியை, எடுத்துக்காட்டாக 192.168.1.1-ஐ, எடுத்துக்கொண்டுவிட்டால் நிலைமை வேறு. கம்பி இணைப்பில் உள்ள கணினிகள் உட்பட முழுப் பள்ளிக்கும் இணையம் தடுமாறும். எனவே கம்பியில் உள்ளவர்களுக்கும் சிக்கல் இருக்கிறதா என்று முதலில் கேட்டறிந்தால் தேடும் வேலை பாதியாகக் குறையும்.

சோதனையைக் கம்பியால் ஸ்விட்ச்சில் (கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் பெட்டியில்) இணைத்த ஒரு கணினியில் இருந்து செய்வது நல்லது. விண்டோஸ் கட்டளைச் சாளரத்தை நிர்வாகி உரிமையோடு திறந்து, சந்தேகத்துக்குரிய முகவரிக்குப் பிங் (ping, பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) கொடுத்த பின், ஆர்ப் -ஏ (arp -a) கட்டளையில் அந்த முகவரிக்கு எதிரே வரும் மேக் முகவரியை (தயாரிக்கும்போதே கருவிக்குத் தரப்படும் அடையாள எண்ணை) குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஆர்ப் -டி (arp -d) மூலம் அந்தப் பதிவை அழித்துவிட்டு மீண்டும் பிங் கொடுத்துப் பாருங்கள். இதைச் சில முறை செய்யும்போது மேக் முகவரி ஒரு முறையாவது மாறினால் இரண்டு கருவிகள் இருப்பது உறுதி. மாறவில்லை என்பதால் மட்டும் மோதல் இல்லை என்று முடிவு செய்ய முடியாது. லினக்ஸ் உள்ள ஆய்வகங்களில் ஆர்பிங் (arping) கட்டளையை -பி (-b) தெரிவோடு இயக்கினால், ஒவ்வொரு கேள்வியும் எல்லாக் கருவிகளுக்கும் போவதால், இரண்டு மேக் முகவரிகளில் இருந்தும் பதில் வருவதை நேரடியாகவே காணலாம்.

அதே கணினியில் ஐபிகான்ஃபிக் /ஆல் (ipconfig /all) கட்டளையைக் கொடுத்து, டிஎச்சிபி சர்வர் (DHCP Server, கருவிகளுக்குத் தானாக ஐபி முகவரி கொடுப்பது) என்ற வரியையும் பார்த்துவிடுங்கள். அங்கே உங்களுக்குத் தெரியாத முகவரி இருந்தால், பெரும்பாலும் யாரோ ஒருவர் வீட்டு ரவுட்டர் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டியிருக்கிறார் என்று பொருள். ஆசிரியர் ஓய்வறையிலும் நூலகத்திலும் முதலில் தேடுங்கள்.

இனி அந்த மேக் முகவரிக்குரிய கருவியைக் கண்டுபிடிக்க வேண்டும். நிர்வகிக்கக்கூடிய ஸ்விட்ச் (தனக்கென அமைப்புப் பக்கம் உள்ளது) இருந்தால் அதன் மேக் அட்டவணையே எந்தப் போர்ட் (கேபிள் செருகும் துளை) என்று சொல்லிவிடும். சாதாரண ஸ்விட்ச் என்றால் பிங் -டி (ping -t) ஓடிக்கொண்டிருக்க, கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டி, ஒவ்வொரு முறையும் ஆர்ப் பதிவை அழித்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. பள்ளி விட்ட பிறகு செய்யுங்கள். மேக் முகவரியின் முதல் ஆறு எழுத்துகள் தயாரிப்பாளரைக் காட்டும். கூரையில் பொருத்திய ஆக்சஸ் பாயின்ட்டின் பின்புற ஸ்டிக்கரில் உள்ள எண்ணும் வைஃபை செயலியில் தெரியும் எண்ணும் கடைசி ஓரிரு எழுத்துகளில் வேறுபடுவதுண்டு. ஒன்று கம்பிப் பக்கத்துக்கு உரியது, மற்றது ரேடியோவுக்கு உரியது. அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். மேக் முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ (A), ஈ (E) ஆகியவற்றுள் ஒன்றாக இருந்தால் அது பெரும்பாலும் கைபேசி தானாகப் புனைந்துகொண்ட எண்ணாக இருக்கும். ஆண்ட்ராய்டு 10 முதலும் ஐஓஎஸ் 14 முதலும் இது இயல்பாகவே இயக்கத்தில் உள்ளது.

மோதல் எப்படி உண்டாகிறது என்பதற்கு வழக்கமான காரணங்கள் சிலவே. ஆக்சஸ் பாயின்ட்டுக்கு நிலையான முகவரி கொடுத்தவர், அந்த முகவரி டிஎச்சிபி வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. அல்லது, கைபேசிகள் பெருகி முகவரி போதாமல், வரம்பை 2 முதல் 254 வரை விரித்துவிடுகிறார்கள். ரீசெட் பொத்தானை யாராவது அழுத்திவிட்டால் கருவி ஆலை முகவரிக்கு (தயாரிப்பாளர் முதலில் வைத்த முகவரிக்கு) திரும்பிவிடும். டிபி-லிங்க் ஆக்சஸ் பாயின்ட்டுகள் பலவற்றுக்கு அது 192.168.0.254, டி-லிங்க் டிஏபி வகைகள் பலவற்றுக்கு 192.168.0.50. யூனிஃபை கருவிகள் டிஎச்சிபி கிடைக்காதபோது 192.168.1.20-க்குப் போய்விடும், அப்படி இரண்டு கருவிகள் ஒன்றாகப் போனால் ஒன்றோடொன்று மோதும்.

மின்வெட்டும் ஒரு காரணம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. மலிவான ரவுட்டர்கள் பல, யாருக்கு எந்த முகவரி கொடுத்தோம் என்ற கணக்கைத் தற்காலிக நினைவகத்தில்தான் வைத்திருக்கின்றன. மின்சாரம் போய்வந்ததும் அந்தக் கணக்கு மறந்துபோகும். யுபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்த கருவியோ பழைய முகவரியை விடாமல் வைத்திருக்கும். ரவுட்டர் அதையே இன்னொருவருக்குக் கொடுத்துவிடக்கூடும். மழைக்காலத்தில் மட்டும் சிக்கல் வருகிறது என்றால் ரவுட்டருக்கும் யுபிஎஸ் இணைப்புக் கொடுங்கள்.

திருத்தம் என்பது முகவரிகளைப் பங்கிட்டு எழுதி வைப்பதுதான். 192.168.1 வரிசையில் 1-ஐக் கேட்வேக்கும், 2 முதல் 19 வரை ஸ்விட்ச், சர்வர்களுக்கும், 31 முதல் 60 வரை ஆக்சஸ் பாயின்ட்டுகளுக்கும், 61 முதல் 99 வரை பிரின்டர், கேமராக்களுக்கும் வைத்துக்கொண்டு, டிஎச்சிபி வரம்பை 100-இல் தொடங்கினால் நடுத்தரப் பள்ளிக்குப் போதும். யூனிஃபை வாங்கும் எண்ணம் இருந்தால் 20-ஐக் காலியாகவே விடுங்கள். கருவியில் நேரடியாக எண்ணைப் பதிப்பதைவிட, ரவுட்டரில் மேக் முகவரிக்கு ஐபி முகவரியை ஒதுக்கிவிடும் முறையையே நான் பரிந்துரைப்பேன். டிஎச்சிபி வழியே முகவரி வாங்கும் கருவியாக இருந்தால் ரீசெட் ஆனாலும் அது அதே முகவரிக்குத் திரும்பிவிடும்.

வீட்டு ரவுட்டரையே ஆக்சஸ் பாயின்ட்டாகப் பயன்படுத்த வேண்டியிருந்தால், பள்ளி வலையமைப்பில் செருகுவதற்கு முன்பே, ஒரு மடிக்கணினியோடு மட்டும் இணைத்து அதன் லேன் (LAN, உள் வலையமைப்பு) முகவரியை மாற்றி, டிஎச்சிபியை நிறுத்திவிட வேண்டும். அதன் பிறகு ஸ்விட்ச்சில் இருந்து வரும் கேபிளை வேன் (WAN, இணையப் பக்கம்) துளையில் அல்லாமல் லேன் துளையில் செருக வேண்டும். அமைப்பில் ஆக்சஸ் பாயின்ட் முறை என்று தனியாக இருந்தால் அதைத் தேர்ந்தெடுப்பது இன்னும் எளிது. அப்போது எந்தத் துளை என்பதைக் கையேடு சொல்லும்.

முகவரி உண்மையிலேயே போதவில்லை என்றால் முதலில் குத்தகை நேரத்தை (டிஎச்சிபி கொடுத்த முகவரியை ஒரு கருவி வைத்திருக்கக்கூடிய நேரத்தை) குறைத்துப் பாருங்கள். நாள் முழுவதும் ஒரு முகவரியைப் பிடித்து வைத்திருக்க வேண்டிய தேவை கைபேசிகளுக்கு இல்லை. அதற்கும் மேல் வேண்டும் என்றால் சப்நெட் மாஸ்க்கை (எந்த முகவரிகள் ஒரே வலையமைப்பைச் சேர்ந்தவை என்று காட்டும் எண்ணை) 255.255.254.0 என மாற்றி 510 முகவரிகள் பெறலாம். ஆனால், நிலையான முகவரி பதித்த ஒவ்வொரு கருவியிலும் அந்த மாஸ்க்கை மாற்றியாக வேண்டும். விடுபட்ட ஆக்சஸ் பாயின்ட்டின் பக்கம் சில கணினிகளில் திறக்கும், மீதியில் திறக்காமல் போகலாம். அதைப் புதிய மோதல் என்று நினைத்துத் தேடத் தொடங்கிவிடுவார்கள்.

நிர்வகிக்கக்கூடிய ஸ்விட்ச்சில் டிஎச்சிபி ஸ்னூப்பிங் (வேறு கருவிகள் முகவரி கொடுப்பதைத் தடுக்கும் வசதி) இருந்தால், உண்மையான சர்வர் உள்ள போர்ட்டை மட்டும் நம்பத்தக்கதாகக் குறித்து அதை இயக்கிவிடுங்கள். எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு ஆக்சஸ் பாயின்ட்டிலும் கீழிருந்து படிக்கும்படி, அதன் ஐபி முகவரி, மேக் முகவரியின் கடைசி நான்கு எழுத்துகள், ஸ்விட்ச் போர்ட் எண் ஆகியவற்றை எழுதி ஒட்டிவிட்டு, மறுநாள் முதல் பாடவேளையில், எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் இணையும்போது, ஆர்ப் சோதனையை மீண்டும் ஒரு முறை செய்து பாருங்கள்.