மலை ஈரத்தில் லித்தோகிராஃப் படம்

பால் டெல்வோ, லியோனோர் ஃபினி மாதிரி சர்ரியலிச (கனவு மாதிரிக் காட்சிகள் வரையும்) ஓவியர்களின் பெண் உருவ லித்தோகிராஃப் அச்சுக்கு, அதாவது கல்லில் வரைந்து காகிதத்தில் எடுத்த படத்துக்கு, சட்டம் போடும்போது, கண்ணாடி காகிதத்தைத் தொடவே கூடாது. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி மழையில் கண்ணாடியின் உள்பக்கம் வேர்க்கும். காகிதம் ஒட்டிக்கொள்ளும், பழுப்புப் புள்ளிகள் விழும். வெளிறிய உடம்பு வரைந்த படத்தில் அந்தப் புள்ளிதான் முதலில் கண்ணில் படும்! கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் நடுவில் அமிலமில்லாத மவுண்ட் அட்டை (படத்தைச் சுற்றி வரும் விளிம்பு அட்டை) வைக்கச் சொல்லுங்கள். சட்டத்தின் பின்புறம், கீழ் மூலைகளில் கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று போகும். சாரல் அடிக்கும் வெளிச்சுவர் வேண்டாம். கணப்புக்கு மேலேயும் வேண்டாம், பங்களாக்காரர்களுக்கு அந்த இடம்தான் பிடிக்கும் என்றாலும்.

அப்புறம், வாங்கும் முன் பூதக்கண்ணாடியில் பாருங்கள். வரிசையான புள்ளிகள் தெரிந்தால் அது ஆஃப்செட் இயந்திரத்தில் அச்சடித்த நகல். கல்லில் வரைந்து எடுத்ததில் ஒழுங்கில்லாத பொடிமணிகள் தெரியும். சர்ரியலிச ஓவியர் சால்வடோர் டாலி பெயரில் போலிகள் ஏராளம், கையெழுத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.