நியூரான் கணக்கில் சறுக்கும் இடங்கள்

ஓய்வில் இருக்கும் நியூரானின் (நரம்புச் செல்லின்) உட்புறம், வெளிப்புறத்தோடு ஒப்பிட்டால், ஏறத்தாழ −70 மில்லிவோல்ட். சைகையைச் சுமந்து செல்லும் நீண்ட இழையான ஆக்சான் புறப்படும் இடத்தில் அது −55-ஐ ஒட்டி ஏறினால் துடிப்பு, அதாவது மின்சைகை, கிளம்பும். இதைப் படித்ததும் பலர் தூண்டும் சைகைக்கு +1, தடுக்கும் சைகைக்கு −1 என்று போட்டுக் கூட்டிவிடுகிறார்கள். பெரிய தவறு இதுதான்.

நியூரான்கள் சந்திக்கும் இணைப்பான சினாப்ஸ் வோல்ட்டை அனுப்புவதில்லை, மின்னேற்றம் கொண்ட அயனிகளுக்குக் கதவு திறக்கிறது. போட்டுப் பார்த்துவிடலாம். செல்லின் இயல்பான கசிவு 10 நானோசீமென்ஸ் (மின்னோட்டம் எவ்வளவு எளிதாகக் கடக்கிறது என்பதன் அலகு), அது மின்னழுத்தத்தை இழுக்கும் அளவு −70. தூண்டும் கதவு 3 நானோசீமென்ஸ், இழுக்கும் அளவு 0. ஒவ்வொரு கதவின் அளவையும் அதன் இழுப்பால் பெருக்கிக் கூட்டி, கதவுகளின் மொத்த அளவால் வகுத்தால் நிலை −700/13, அதாவது −53.8. துடிப்பு வரும். இனி தடுக்கும் கதவு 10 நானோசீமென்ஸ் திறக்கட்டும். அதன் இழுப்பும் −70 தான். தனியாகத் திறந்தால் வோல்ட் மீட்டரில் அசைவே இருக்காது. ஆகவே கூட்டல் கணக்கில் அதன் மதிப்பு பூஜ்யம். ஆனால் இரண்டும் சேர்ந்து திறந்தால் −1400/23, அதாவது −60.9. துடிப்பு இல்லை. வந்த மின்னோட்டம் திறந்த கதவு வழியே ஒழுகிப்போய்விட்டது. 'ஒன்றும் மாறவில்லை, எனவே தடுப்பு வேலை செய்யவில்லை' என்று முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான்.

நேரத்தையும் மறக்கக்கூடாது. ஒரு சினாப்ஸ் தரும் ஏற்றம் பெரும்பாலும் 1 மில்லிவோல்ட்டுக்கும் குறைவு. 10, 20 மில்லிசெகண்டில் கரைந்துவிடும். ஒரே நேரத்தில் வரும் 30 சைகை செல்லைத் துடிக்கவைக்கலாம். அதே 30 அரை நொடியில் பரவி வந்தால் வீண்.

இடமும் அப்படித்தான். செல் உடலுக்குப் போகும் பாதையில் உட்கார்ந்த தடுப்பு, பாதையை மறிக்கும். வேறு கிளையின் நுனியில் இருந்தால் அதன் கை அவ்வளவு நீளாது.

தூண்டல் பலமானால் துடிப்பு பெரிதாகாது, அடிக்கடி வரும்.

நியூரான்கள் சுரக்கும் வேதிப்பொருள்களில் குளூட்டமேட் என்றால் தூண்டல், காபா என்றால் தடுப்பு என்று முத்திரை குத்துவதும் ஆபத்து. முடிவு செய்வது அவற்றைப் பெறும் ஏற்பியும் அயனிச் செறிவும். அசிட்டைல்கோலின் என்ற இன்னொரு வேதிப்பொருள் கைத்தசையைச் சுருக்கும், இதயத்தை மெதுவாக்கும். இளம் நியூரான்களில் உள்ளே குளோரைடு அதிகம், அதனால் காபாவே மின்னழுத்தத்தை ஏற்றிவிடும்.

தடுப்பை வெறும் பிரேக் என்று ஒதுக்குகிறவர்கள் எட்டிக்கொட்டையை நினைக்கட்டும். அதிலுள்ள ஸ்ட்ரிக்னைன் எதையும் நேரடியாகத் தூண்டுவதில்லை. தண்டுவடத்தில், தடுப்புக்கு உதவும் வேதிப்பொருளான கிளைசினின் ஏற்பிகளை அடைக்கிறது, அவ்வளவுதான். அதன் பிறகு லேசாகத் தொட்டாலே உடல் முழுக்க வில்லாக வளைந்து இழுக்கும்.