காட்டில் தொலைந்த நாயைத் துரத்தாதீர்கள்

2023 நவம்பரில், ஆஸ்திரேலியாவின் கங்காரு தீவில் கூடாரம் அடித்துத் தங்கியிருந்த ஒரு ஜோடியின் நாய் புதருக்குள் ஓடிவிட்டது. பெயர் வாலரி. நீள உடம்பும் குட்டைக் கால்களும் கொண்ட டாக்ஸ்ஹண்ட், எடை சுமார் நான்கு கிலோ. ஒரு வாரம்கூடத் தாங்காது என்றுதான் யாரும் நினைப்போம். 529 நாள் கழித்து, 2025 ஏப்ரலில், எடை கூடித் திரும்பியது!

நாய் தொலைந்ததும் நாம் செய்கிற முதல் தவறு, பெயர் சொல்லிக் கத்திக்கொண்டே பின்னால் ஓடுவது. பாசம்தான், ஆனால் நாயை இன்னும் தூரமாக விரட்டுவதும் அதுதான். வீட்டு நாய் காட்டில் முதலில் கற்றுக்கொள்வது வேட்டையை அல்ல, பயத்தை. சத்தம் கேட்டால் ஓட வேண்டும், அசைவு தெரிந்தால் ஒளிய வேண்டும். அந்த நிலையில் வளர்த்தவரே எதிரில் வந்தாலும் துரத்துகிற உருவமாகத்தான் தெரியலாம். வாலரியும் ஆளையோ வண்டியையோ கண்டாலே ஓடியது. நாய் கண்ணில் பட்டால் அப்படியே உட்கார்ந்துவிடுங்கள். பக்கவாட்டில் திரும்பி, பேசாமல், தின்பதற்கு ஏதாவது தரையில் போடுங்கள். பத்துப் பேரைத் திரட்டிக்கொண்டு புதரைக் கலைக்கவே வேண்டாம்.

அடுத்தது, “இந்நேரம் செத்திருக்கும்” என்று விட்டுவிடுவது. சாலையில் அடிபட்டுக் கிடக்கும் விலங்குகள், மற்ற விலங்குகளின் சாணம், பண்ணைக் குட்டை நீர், இவற்றை வைத்தே வாலரி பிழைத்திருக்கும் என்று மீட்புக் குழுவினர் கருதினார்கள். அந்தத் தீவில் நரியும் டிங்கோ என்கிற ஆஸ்திரேலியக் காட்டு நாயும் கிடையாது என்பதையும் மறக்கக் கூடாது. வால்பாறைப் பக்கம் தொலைந்திருந்தால் சிறுத்தை விட்டுவைத்திருக்குமா, சந்தேகம்தான்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு: “நாய்தானே, பிழைத்துக்கொள்ளும்.” 1958இல் அண்டார்டிகாவின் ஷோவா தளத்தில் ஜப்பானியக் குழு 15 சறுக்குவண்டி நாய்களைச் சங்கிலியில் கட்டியபடியே விட்டுப்போக நேர்ந்தது. அடுத்த குழு மோசமான வானிலையால் இறங்க முடியவில்லை. 1959 ஜனவரியில் போய்ப் பார்த்தபோது ஏழு நாய்கள் சங்கிலியிலேயே செத்துக் கிடந்தன. கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு தப்பிய எட்டில் உயிரோடு நின்றவை தாரோ, ஜிரோ இரண்டு மட்டும்தான். அவையும் குளிருக்குப் பழகிய சகாலின் இனம்.

சரி, நாய் இருக்கும் இடம் தெரிந்துவிட்டது. இப்போது அவசரம்தான் எதிரி. பிடிப்பதற்காக வைத்த கூண்டுக்குள் முதல் தடவை தலை நீட்டியதுமே கதவை மூடினால், தப்பிய நாய் அந்தப் பக்கமே வராது. வாலரிக்காக கங்கலா மீட்புக் குழு கேமரா வைத்தது, சாப்பாடு வைத்தது, வளர்த்தவரின் வாசனை ஏறிய துணியையும் வைத்தது. அது உள்ளே வந்து போவது பழகி, சரியான மூலைக்குப் போன பிறகுதான் தூரத்திலிருந்து கதவை மூடினார்கள். உங்கள் நாய் தொலைந்தால், நீங்கள் உடுத்திய சட்டையைத் துவைக்காமல் அது தொலைந்த இடத்தில் போட்டுவைக்கலாம்.

பட்டினி கிடந்து எலும்பும் தோலுமாகக் கிடைத்த நாய்க்கு உடனே வயிறு முட்டச் சோறு போடுவது ஆபத்து. உடம்பின் உப்புச் சத்துகள் திடீரென்று குலைந்து உயிரே போகலாம். கொஞ்சம் கொஞ்சமாக, கால்நடை மருத்துவர் சொல்கிற அளவில் கொடுங்கள்.

பிடிபட்டதும் பாய்ந்து கட்டிக்கொள்ளவும் வேண்டாம். வாலரி சிக்கியபோது மீட்டவர், வளர்த்தவரின் துணியை அணிந்துகொண்டு கூண்டுக்குள் போய், அது முழுசாக அடங்கும்வரை கூடவே இருந்தார்.