தொழிற்சாலைகளின் சமூகப் பொறுப்பு: எங்கே தவறுகிறோம்?

பள்ளிக்கூடத்துக்கு மேசை நாற்காலி, மரக்கன்று நடும் விழா, இலவச மருத்துவ முகாம். சமூகப் பொறுப்பு என்றதும் பல உற்பத்தி நிறுவனங்கள் எடுத்துக் காட்டுகிற படங்கள் இவைதான். நல்ல வேலைகள், செய்யட்டும். ஆனால் உங்கள் கழிவுநீர்க் குழாய் எங்கே போய் முடிகிறது, ஒப்பந்தத் தொழிலாளிக்குச் சம்பளம் எந்தத் தேதியில் கைக்கு வருகிறது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருப்பதில்லை. வந்த லாபத்தில் எவ்வளவு கொடுத்தோம் என்பது இரண்டாவது கேள்வி. அந்த லாபம் எப்படி வந்தது என்பதே முதல் கேள்வி.

சமூகப் பொறுப்பு என்றால் என்ன என்பதற்குச் சர்வதேசத் தர அமைப்பு 2010-இல் வெளியிட்ட ஐஎஸ்ஓ 26000 வழிகாட்டி ஏழு தலைப்புகளைச் சொல்கிறது: நிறுவன ஆளுகை, மனித உரிமை, தொழிலாளர் நடைமுறை, சுற்றுச்சூழல், நேர்மையான வணிகம், நுகர்வோர் நலன், சுற்றியுள்ள மக்களின் வளர்ச்சி. நன்கொடை என்பது இதில் கடைசித் தலைப்புக்குள் அடங்கும் ஒரு சிறு பகுதி. அப்புறம், இது வழிகாட்டி மட்டுமே. இதற்குச் சான்றிதழ் கிடையாது. 'ஐஎஸ்ஓ 26000 சான்று பெற்றோம்' என்று யாராவது விளம்பரம் செய்தால் அங்கேயே சந்தேகப்படலாம்.

சான்றிதழை நம்பி நிம்மதியாக இருந்துவிடுவது அடுத்த தவறு. இதன் விலை என்ன என்பதற்குக் கராச்சி சாட்சி. அங்கிருந்த அலி எண்டர்பிரைசஸ் ஆடைத் தொழிற்சாலை, தொழிலாளர் நலனுக்கான எஸ்ஏ 8000 சான்றிதழை வாங்கிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. 2012 செப்டம்பர் 11 அன்று அங்கே பிடித்த தீயில் 250-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தீ வைக்கப்பட்டது என்று நீதிமன்றம் பிற்பாடு தீர்ப்பளித்தது. அது வேறு விஷயம். யார் வைத்த தீயாக இருந்தாலும், உள்ளே இருந்தவர்கள் வெளியேற வழி இருந்திருக்க வேண்டும். ஜன்னல்களில் கம்பி இருந்தது, கதவுகள் பூட்டிக் கிடந்தன. ஆடிட் என்பது ஒரு நாள் பார்வை. அவசர வழிக் கதவு இன்றைக்குத் திறக்கிறதா என்பதை ஒவ்வொரு ஷிப்ட் தொடங்கும்போதும் ஒருவர் கையால் தள்ளித்தான் பார்க்க வேண்டும்.

அடுத்த ஆண்டே வங்கதேசத்தில், ஆடைத் தொழிற்சாலைகள் இயங்கிய ரானா பிளாசா என்ற கட்டடம் இடிந்தது. 2013 ஏப்ரல் 23 அன்று கட்டடத்தில் விரிசல் கண்டு எல்லோரையும் வெளியேற்றினார்கள். மறுநாள் அங்கிருந்த வங்கி ஊழியர்கள் வரவில்லை. ஆடைத் தொழிலாளர்களை மட்டும் வேலைக்குத் திரும்ப வைத்தார்கள். அன்றே கட்டடம் இடிந்து 1,134 பேர் செத்துப்போனார்கள். ஆபத்து தெரியாமல் நடந்ததல்ல அது. இங்கேதான், இத்தகைய ஆலைகளிடம் பொருள் வாங்கும் நிறுவனத்தின் பர்ச்சேஸ் துறைக்கு உள்ள பங்கைப் பேச வேண்டியிருக்கிறது. நடத்தை விதிகளில் சப்ளையரிடம் கையெழுத்து வாங்குவது ஒரு துறை. அதே சப்ளையரிடம் விலையை இன்னும் குறை, பத்து நாள் முன்னதாக அனுப்பு என்று நெருக்குவது இன்னொரு துறை. இரண்டும் ஒரே நிறுவனம். ஓவர்டைம் வாங்காமல் முடிக்கவே முடியாத ஆர்டரைக் கொடுத்துவிட்டு, ஓவர்டைம் கூடாது என்று விதி போடுவது பொறுப்பைத் தள்ளிவிடும் வேலை.

விபத்துக் கணக்கிலும் ஒரு பெரிய கோளாறு உண்டு. 'விபத்தில்லாத நாட்கள்' என்று பலகை வைத்து அதற்குப் போனஸும் அறிவித்தால், விரலில் அடிபட்டவர் கட்டுப் போட்டுக்கொண்டு வாயை மூடிக்கொள்வார். எண்ணிக்கை குறையும், ஆபத்து அப்படியே இருக்கும். ஒப்பந்தத் தொழிலாளர்களைக் கணக்கிலேயே சேர்க்காமல் விடும் இடங்களும் உண்டு. மயிரிழையில் தப்பிய சம்பவங்களைச் சொல்பவருக்குப் பாராட்டு கிடைக்கும் இடத்தில்தான் உண்மை வெளியே வரும். அல்கோவா அலுமினிய நிறுவனத்துக்கு 1987-இல் தலைமையேற்ற பால் ஓ'நீல், முதலீட்டாளர்களிடம் லாபத்தைப் பற்றிப் பேசாமல் தொழிலாளர் பாதுகாப்பே தன் முதல் இலக்கு என்றார். கேட்டவர்கள் திகைத்தார்கள். 2000-இல் அவர் விலகியபோது விபத்து விகிதம் வெகுவாகக் குறைந்திருந்தது, லாபம் பல மடங்கு கூடியிருந்தது. ஒரு விபத்து ஏன் நடந்தது என்று துருவிப் பார்த்தால், இயந்திரம் எங்கே தடுமாறுகிறது, பொருள் எங்கே வீணாகிறது என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடும்.

சுற்றுச்சூழல் செலவு என்றால் சோலார் பேனலில் தொடங்குவது வழக்கமாகிவிட்டது. வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன், உற்பத்தி இல்லாத நாளில், இயந்திரங்களுக்குக் காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரஸரை மட்டும் ஓடவிட்டு ஒரு மணி நேரம் கவனியுங்கள். காற்றைப் பயன்படுத்த ஓர் இயந்திரமும் ஓடாதபோது, அது மறுபடி மறுபடி லோடு எடுத்தால், அதாவது காற்றை அழுத்தத் தொடங்கினால், அத்தனையும் லீக். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி வந்து இடத்தைக் காட்டும். சரியாகப் பராமரிக்காத ஆலைகளில் அழுத்தக் காற்றில் 20 முதல் 30 சதவீதம் வரை இப்படிப் போகிறது. இதைச் சரிசெய்வதைப் படம் எடுத்துப் போட முடியாது, மின் கட்டணத்தில் தெரியும்.

அறிக்கை எழுதும்போது இன்னொன்றைக் கவனியுங்கள். ஒரு டன் உற்பத்திக்கு இத்தனை உமிழ்வு என்று மட்டும் கணக்குக் காட்டாதீர்கள். டன்னுக்கான உமிழ்வு 10 சதவீதம் குறைந்து, உற்பத்தி 30 சதவீதம் கூடினால் மொத்த உமிழ்வு 17 சதவீதம் ஏறியிருக்கும். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் போடுவதுதான் நேர்மை.

சரி, இதெல்லாம் லாபம் தருமா? பொறுப்பாக நடக்கும் நிறுவனங்கள் நன்றாகச் சம்பாதிக்கின்றன என்று காட்டும் ஆய்வுகளை அவசரமாக மேற்கோள் காட்டக் கூடாது. நன்றாகச் சம்பாதிப்பதால்தான் அவர்களால் செலவழிக்க முடிகிறது என்றும் இருக்கலாம். பலன்கள் வரும் வேகமும் ஒன்றல்ல. லீக்கை அடைத்தால் அடுத்த பில்லில் தெரியும். பழகிய தொழிலாளி வேலையை விடாமல் இருப்பதன் பலன் தெரியச் சில ஆண்டுகள் ஆகும். கழிவுநீரைச் சுத்திகரிப்பதில் சில நேரம் கணக்குப்படி நஷ்டமே மிஞ்சும், இருந்தாலும் செய்துதான் ஆக வேண்டும். அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்கள் உங்கள் லாபக் கணக்கில் பங்குதாரர்கள் அல்ல.

கடைசியாக, ஆலை மேலாளரின் ஊக்கத்தொகை எதைப் பார்த்து முடிவாகிறது என்று பாருங்கள். டன் கணக்கு மட்டும்தான் என்றால், மற்றதெல்லாம் எவ்வளவு அழகாக அறிக்கையில் எழுதியிருந்தாலும், மாதக் கடைசி வாரத்தில் அவர் எதை விட்டுக்கொடுப்பார் என்பது அந்த ஆலையில் எல்லோருக்கும் தெரியும்.