டிவைஸ் ட்ரீ முகவரிகள்: பழைய எண், புதிய எண் குழப்பம்

கோத்தகிரிப் பக்கம் தேயிலை எஸ்டேட் லைனில் குடியிருப்பவரிடம் விலாசம் கேட்டால், "மூணாம் லைன், ஏழாம் வீடு" என்பார். எஸ்டேட்டுக்குள் அது போதும். குன்னூர் பஸ் ஸ்டாண்டில் நின்று அதையே சொன்னால் ஆட்டோக்காரர் நம்மை மேலும் கீழும் பார்ப்பார். ஒரு போர்டில் எந்த வன்பொருள் எங்கே இருக்கிறது என்று கெர்னலுக்கு (லினக்ஸின் மையப் பகுதிக்கு) சொல்லும் மர வடிவ விவரப் பட்டியல்தான் டிவைஸ் ட்ரீ. அதில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு கிளை, அதாவது நோடு. அந்த நோடின் முகவரியைச் சொல்லும் 'ரெக்' வரியில் இருக்கும் எண்ணும் லைன் வீட்டு எண்தான். எந்த எஸ்டேட் என்பதைத் தாய் நோடிடம்தான் கேட்க வேண்டும்.

இது தெரியாமல் நான் இரண்டு இரவு தூக்கம் கெட்டேன். மார்கழி உறைபனியில் தேயிலைக் கொழுந்து கருகுவதற்குள் எச்சரிக்க, நண்பரின் தோட்டத்துக்கு ராஸ்பெர்ரி பை 3 என்ற சின்னக் கணினிப் பலகையில் ஒரு கருவி செய்துகொண்டிருந்தேன். சிப் கையேட்டில் ஜிபிஐஓ (பலகையின் பின்களை இயக்கும் பகுதி) முகவரி 7ஈ200000 என்று இருந்தது (ஹெக்ஸ், அதாவது பதினாறு இலக்க முறை எண்களின் எழுத்துகளையும் தமிழிலேயே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்). அதை அப்படியே என் டிரைவரில், வன்பொருள் முகவரியைத் தொட வழி செய்யும் ஐஓரீமேப் ஃபங்ஷனுக்குக் கொடுத்தேன். எல்ஈடி எரியவே இல்லை.

7ஈ என்று தொடங்குவது பஸ் (சிப்பின் பாகங்களை இணைக்கும் உள்பாதை) முகவரி. ஏஆர்எம் ப்ராசசருக்கு அந்த எண் தெரியாது. விடை, சிப்பின் பாகங்களுக்கெல்லாம் தாயான 'சாக்' நோடின் 'ரேஞ்சஸ்' வரியில் இருந்தது: 7ஈ000000, 3எஃப்000000, 01000000. பஸ்ஸில் 7ஈ000000-இல் தொடங்கும் 16 எம்பி, ப்ராசசருக்கு 3எஃப்000000-இல் தெரியும் என்று அர்த்தம். ஆக ஜிபிஐஓ இருப்பது 3எஃப்200000-இல். நம் ஊர்க் கதவுகளில் பழைய எண், புதிய எண் என்று இரண்டும் எழுதியிருக்குமே, அதே சங்கதி. நோடின் பெயரில் 7ஈ200000 இருக்க, பூட் லாகில் 3எஃப்200000 என்று வருவதைப் பார்த்து யாரும் பதற வேண்டாம்.

சரி, 3எஃப்200000-ஐ டிரைவரில் எழுதிவிடலாமா? அதுதான் அடுத்த தவறு. முதல் தலைமுறை பையில் அது 20200000, பை 4-இல் வழக்கமாக எஃப்ஈ200000. பை 4-இல் பழைய 3எஃப்200000-ஐத் தொட்டால் கை வைப்பது ரேமில்! முகவரியைக் கெர்னலிடமே கேட்டு வாங்குங்கள். மாற்றிக் கொடுப்பது அதன் வேலை.

பை 3 வரியைப் பை 4-க்கு நகல் எடுப்பவர்கள் வழுக்குவது செல் கணக்கில். ஒரு செல் 32 பிட். ஒரு நோடின் 'ரெக்'கில் முகவரிக்கு எத்தனை செல், அளவுக்கு எத்தனை செல் என்பதைத் தாய் நோடின் 'அட்ரஸ்-செல்ஸ்', 'சைஸ்-செல்ஸ்' தீர்மானிக்கின்றன. அந்த நோடிலேயே எழுதியிருப்பவை அதன் பிள்ளைகளுக்கு. பாட்டன் சொத்து போலத் தலைமுறை தாண்டியும் இறங்காது. 'ரேஞ்சஸ்' வரியில் இரண்டும் கலக்கும்: பிள்ளைப் பக்க முகவரி, தாய்ப் பக்க முகவரி, பிள்ளைப் பக்க அளவு. பை 4-இல் வேர் நோடின் முகவரிக்கு இரண்டு செல் என்பதால், அதே வரி நான்கு எண்ணாகிறது: 7ஈ000000, 0, எஃப்ஈ000000, 01800000. நடுவில் நிற்கும் அந்தப் பூஜ்யத்தை வேண்டாத சுமை என்று நினைத்து அழித்தவர்களில் நானும் ஒருவன்.

வெறும் 'ரேஞ்சஸ்;' என்று எழுதுவதும் எழுதாமலே விடுவதும் ஒன்றல்ல. வெறுமையாக எழுதினால் இரு பக்கமும் ஒரே முகவரி. எழுதாமல் விட்டால் அந்த வாசலுக்கு வழியே கிடையாது. மெமரி முகவரி தேடும் டிரைவர் 'இன்வாலிட் ரிசோர்ஸ்' என்று புலம்பி நின்றுவிடும்.

இரண்டு கம்பியில் சென்சார்களை இணைக்கும் ஐ2சி பஸ்ஸுக்கோ அப்படி வழி இல்லாதிருப்பதே சரி. என் பிஎம்ஈ280 வெப்பநிலை சென்சாரின் 76 (ஹெக்ஸ்) மெமரி முகவரி அல்ல, பஸ்ஸில் அதைக் கூப்பிடும் எண். அங்கே 'சைஸ்-செல்ஸ்' பூஜ்யம். 7 பிட் எண்ணைத்தான் எழுத வேண்டும். சிலர் எழுத்து-வாசிப்பு பிட்டையும் சேர்த்து ஈசி என்று எழுதிவிட்டு சென்சாரைத் திட்டுவார்கள்.

டிஎம்ஏ (ப்ராசசரின் கை படாமல் கருவியே ரேமைத் தொடும் முறை) பயன்படுத்தினால் 'டிஎம்ஏ-ரேஞ்சஸ்' தனி. அது கருவியிலிருந்து ரேமுக்குப் போகும் எதிர்த்திசைக் கணக்கு.

கணக்கு சரியா என்று பார்க்க, ப்ராக் அடைவில் உள்ள ஐஓமெம் கோப்பைத் திறந்தால் போதும். சுடோ (நிர்வாகி உரிமை) போட்டுத் திறங்கள், இல்லாவிட்டால் எல்லா முகவரியும் பூஜ்யமாகவே தெரியும்.